கொரிய மொழி கற்போருக்கான மின்னகராதித் தேர்வு: ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

கொரிய மொழி கற்கத் தொடங்குவோர் மின்னகராதியைத் தேர்ந்தெடுக்கும்போது சொற்களின் எண்ணிக்கை, கருவியின் வசதி, விலை ஆகியவற்றையே பெரிதும் கருதுகின்றனர். ஓர் அகராதி யாருக்காகத் தொகுக்கப்பட்டது என்பதே முதன்மையான அளவுகோலாக அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. வினைத்திரிபு, ஒலிப்பு, சீனவழிச் சொற்கள், மரியாதை வழக்கு ஆகிய நான்கு நிலைகளில் இக்கருத்து சோதிக்கப்படுகிறது. ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொள்வதால் தமிழர் இழப்பவையும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொரிய மொழி, மின்னகராதி, கற்போர் அகராதி, தலைச்சொல், இடைமொழி, மரியாதை வழக்கு.

முன்னுரை

தமிழையும் கொரிய மொழியையும் ஒப்பிடும் முயற்சிக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் முன்வைத்த இனவுறவுக் கருத்தை இன்றைய மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை. எனினும் இரண்டும் ஒட்டுநிலை மொழிகள் என்பதும், இரண்டிலும் வினை இறுதியில் நிற்கும் என்பதும் மறுக்க இயலாத அமைப்பு ஒற்றுமைகள். இவ்வொற்றுமை கற்போருக்குத் துணையாவதும் வீணாவதும் அவர் கையாளும் அகராதியைப் பொறுத்தது. ஆகவே அகராதித் தேர்வை வாங்குவோரின் விருப்பத்துக்குரிய சிறு செய்தியாகக் கருதாமல் அகராதியியல் சிக்கலாகவே அணுக வேண்டியுள்ளது.

இக்கட்டுரையில் கொரியச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒலிப்புக்கு நெருக்கமாகத் தரப்படுகின்றன. கொரிய மொழியில் இதழ் குவியாத உயிர் ஒன்று உண்டு. நம் குற்றியலுகரம் அதற்கு மிக அணுக்கமானது என்பதால் அதுவும் உகரத்தாலேயே குறிக்கப்படுகிறது.

யாருக்கான அகராதி?

ரஷ்ய மொழியியலாளர் ஷெர்பா 1940இல் எழுதிய அகராதியியல் கட்டுரையில், எந்த இரு மொழிகளுக்கிடையிலும் நான்கு அகராதிகள் தேவைப்படும் என்னும் கருத்தை முன்வைத்தார். இரு மொழியாளரும் பிறமொழியைப் புரிந்துகொள்ள ஒவ்வொன்றும், பிறமொழியில் எழுதவும் பேசவும் ஒவ்வொன்றும் வேண்டும் என்பது அதன் சாரம். ஒரே அகராதி இரு சாராருக்கும் சம அளவில் பயன்படாது என்பது இதன் உட்கிடை.

2000களில் கொரியச் சந்தையில் பரவலாக விற்பனையான கையடக்கக் கருவிகளை இந்நோக்கில் காண வேண்டும். ஐரிவர் நிறுவனத்தின் டிக்பிள், ஷார்ப் நிறுவனத்தின் ரியல்டிக் ஆகியவை கொரிய மாணவர் ஆங்கிலம் கற்பதை முதன்மை நோக்கமாகக் கொண்டவை. இத்தகைய கருவியிலுள்ள கொரிய-ஆங்கில அகராதி, கொரியச் சொல்லை அறிந்த ஒருவர் அதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்காகத் தொகுக்கப்பட்டது. கொரியச் சொல்லின் ஒலிப்பும் திரிபும் பயன்படும் சூழலும் அவருக்கு முன்பே தெரியும். ஆகவே அகராதி அவற்றைப் பற்றி மிகுதியாகப் பேசத் தேவையில்லை. அயலாருக்கோ அவையே முதல் தேவை. தாய்மொழியாளருக்குத் தெரிந்ததே என்று அகராதி எதை விடுகிறதோ, அதுவே கற்பவர் தேடிவருவது. ஜப்பானியச் சந்தைக்கெனக் காசியோ நிறுவனம் கொரிய மொழி கற்போருக்குத் தனி வகைக் கருவியை வெளியிட்டதற்கும் இந்த வேறுபாடே அடிப்படை எனலாம்.

வழக்கு வடிவத்திலிருந்து தலைச்சொல்லுக்கு

கற்பவர் நூலிலும் உரையாடலிலும் எதிர்கொள்வது தலைச்சொல் அன்று, திரிந்த வடிவம். ‘கேட்டான்’ என்பதை அயலார் ஒருவர் தமிழகராதியில் தேடினால் கிடைக்காது. ‘கேள்’ என்னும் அடியை அவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். கொரிய மொழியிலும் இந்நிலையே. ‘கொரொயோ’ என்னும் வடிவம் ‘கொத்தா’ (நடத்தல்) என்னும் வினையிலிருந்தும் வரலாம். ‘கொல்தா’ (தொங்கவிடுதல்) என்னும் வினையிலிருந்தும் வரலாம். ‘முரொயோ’ என்பதற்கு ‘வினவுகிறார்’, ‘கடிக்கிறது’ என இரு பொருளும் உண்டு. ‘முத்தா’ என்னும் ஒரே தலைச்சொல் வடிவத்தில் கறை படிதல், புதைத்தல், வினவுதல் என்னும் மூன்று வினைகள் அமைகின்றன. முதலிரண்டும் ‘முதொயோ’ எனவும், மூன்றாவது மட்டும் ‘முரொயோ’ எனவும் திரியும்.

எனவே மின்னகராதிக்குரிய முதற்சோதனை இதுவே: ‘முரொயோ’ எனத் தட்டச்சு செய்தால் அது இரு தலைச்சொற்களையும் காட்டுகிறதா? ஒன்றை மட்டும் காட்டினால் கற்பவர் பிழையான பொருளை ஐயமின்றி ஏற்றுக்கொள்வார். எதையும் காட்டாவிட்டாலும் தீங்கு குறைவே, தேடல் தொடரும். அச்சகராதியின் பக்கங்களை அப்படியே திரைக்கு மாற்றிய அகராதிகள் இச்சோதனையில் தோற்கின்றன. மின்வடிவம் அவற்றில் விரைவை மட்டுமே கூட்டியுள்ளது.

இதனோடு ஒட்டிய மற்றொரு தேவை, வேற்றுமை உருபுகளும் வினை விகுதிகளும் தனித் தலைச்சொற்களாக இடம்பெறுவது. ஒட்டுநிலை மொழியில் வாக்கியத்தின் பொருள் நுட்பம் பெரும்பாலும் விகுதியில் தங்கியிருப்பதால், பெயரையும் வினையையும் மட்டும் தரும் அகராதி பாதி அகராதியே.

எழுத்தும் ஒலிப்பும்

கொரிய எழுத்துமுறை ஒலிக்கேற்ப அமைந்தது என்பது பொதுவாக உண்மை. ஆயினும் எழுத்துகள் சேருமிடத்தில் புணர்ச்சித் திரிபு நிகழ்கிறது. ‘குக்முல்’ (குழம்புச் சாறு) என எழுதப்படுவது ‘குங்முல்’ என்றும், ‘தோக்ரிப்’ (விடுதலை) என எழுதப்படுவது ‘தோங்னிப்’ என்றும் ஒலிக்கும். வல்லினம் மெல்லினமாகும் திரிபு தமிழருக்குப் புதிதன்று. ஆனால் தமிழ் அதைப் பெரும்பாலும் எழுத்திலும் காட்டும். கொரிய மொழி காட்டாது. காதில் விழுந்த சொல்லைத் தேடுவோருக்கு ஒலிப்பு வடிவமும் ஒலிப்பதிவும் இன்றியமையாதவை.

சீனவழிச் சொற்கள்

கொரியப் பேரகராதிகளின் தலைச்சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவை சீனவழிச் சொற்கள். ‘சாஜொன்’ என்பதற்கு அகராதி என்றும் பொருள், முன்கூட்டியே என்றும் பொருள். ‘சுதோ’ தலைநகரையும் குறிக்கும், குடிநீர்க் குழாய் அமைப்பையும் குறிக்கும். கொரிய எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் இவை சீன எழுத்தில் வேறு வேறு. மேலும் ‘ஹக்க்யோ’ (பள்ளி), ‘ஹக்செங்’ (மாணவர்), ‘தேஹக்’ (பல்கலைக்கழகம்) ஆகியவற்றுள் ‘ஹக்’ என்னும் கல்விப் பொருளுடைய கூறு பொதுவாக இருப்பதைச் சீன எழுத்தே தெளிவாகக் காட்டும். சீன எழுத்தைக் கற்க விரும்பாதவருக்கும் இக்குறிப்பு உதவும். தொடர்பற்றவையாகத் தோன்றும் சொற்களை அது குடும்பங்களாக்கித் தருகிறது.

மரியாதை வழக்கும் இடைமொழியும்

கொரிய மொழியில் உண்ணுதலுக்கு ‘மொக்தா’ என்பது பொதுச்சொல். பெரியோர் உண்பதைக் குறிக்க ‘துசிதா’. உறங்குதலுக்கு ‘ஜாதா’, ‘ஜுமுசிதா’ என இரண்டு. சோறு ‘பாப்’, பெரியோருக்கு இடும்போது ‘ஜின்ஜி’. ஆங்கில நிகரனை மட்டும் தரும் அகராதியில் இவ்விணைகள் ஒரே பொருளுடையவையாகத் தோன்றும். முதியவரிடம் பொதுச்சொல்லைப் பயன்படுத்துவது இலக்கணப் பிழையன்று, பண்பாட்டுப் பிழை. அதைக் கேட்பவர் திருத்தாமல் மனத்தில் வைத்துக்கொள்வார். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதை நிலையைக் குறிக்காத அகராதியைக் கற்போருக்குப் பரிந்துரைக்க இயலாது.

இடைமொழியால் நேரும் இழப்பு உறவுப்பெயர்களில் வெளிப்படையாகிறது. தாயின் உடன்பிறந்தவள் ‘இமோ’. தந்தையின் உடன்பிறந்தவள் ‘கோமோ’. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும். சித்தி அல்லது பெரியம்மா ஒருபுறம், அத்தை மறுபுறம் எனத் தமிழில் இவ்வேறுபாடு தெளிவாகவே உண்டு. தம் மொழியில் உள்ள வேறுபாட்டை இழந்து, மீண்டும் அதைக் கொரிய மொழியில் புதிதாகக் கற்கும் நிலைக்குத் தமிழ் மாணவர் தள்ளப்படுகிறார். ஒலிக்குறிப்புச் சொற்களிலும் இதுவே நிலை. சிற்றோடை நீரின் ஒலியாகிய ‘ஜோல்ஜோல்’ என்பதை ஆங்கிலம் நீண்ட தொடரால் விளக்க வேண்டியுள்ளது. தமிழ் ‘சலசல’ என்னும் இரட்டைக்கிளவியால் முடித்துவிடுகிறது.

இதற்கு மறுதலையும் உண்டு. மூத்த சகோதரியை ஆண் ‘நுனா’ என்பான். பெண் ‘ஒன்னி’ என்பாள். ‘அக்கா’ என்னும் தமிழ்ச்சொல் பேசுவோரின் பாலைக் காட்டாது. ஆகவே தமிழ் நிகரன் மட்டுமே போதும் என்றும் கொள்ளலாகாது; குறிப்புரை எந்நிலையிலும் தேவை.

மொழிபெயர்ப்புச் செயலிகள் அகராதியாகுமா?

பாப்பாகோ முதலிய மொழிபெயர்ப்புச் செயலிகளை அகராதிக்கு மாற்றாகக் கொள்ளும் போக்கு மாணவரிடையே உள்ளது. கொரிய வினைமுற்று எழுவாயின் இடத்தையும் பாலையும் விகுதியால் காட்டாது. எழுவாயும் பெரும்பாலும் தொக்கு நிற்கும். ‘காஸ்ஸொயோ’ என்னும் ஒரு சொல் வாக்கியம் சூழலுக்கேற்பப் போனேன், போனான், போனாள், போனார்கள் என எதுவாகவும் அமையலாம். தமிழில் தரும் செயலி இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்ததற்கான காரணத்தையோ விலக்கப்பட்ட பிறவற்றையோ அது பொதுவாகச் சொல்வதில்லை. அகராதி வாய்ப்புகளை விரித்துக் காட்டும்; செயலி அவற்றை மறைத்து முடிவை மட்டும் தரும். ஒரு கடிதத்தின் கருத்தை அறிய இது போதும். மொழியைக் கற்கப் போதாது.

மதிப்பீடு

தேசியக் கொரிய மொழி நிறுவனம் மூன்று அகராதிகளை இணையத்தில் வழங்குகிறது. 1999இல் வெளிவந்த பொதுத்தரக் கொரியப் பேரகராதி ஏறத்தாழ 5 இலட்சம் தலைச்சொற்கள் கொண்டது. 2016இல் தொடங்கப்பட்ட ‘உரிமால்செம்’ பயனர் பங்களிப்பையும் ஏற்று 10 இலட்சத்தைக் கடந்தது. மூன்றாவதான கொரிய அடிப்படை அகராதியில் ஏறத்தாழ 50,000 சொற்களே உள்ளன. எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் இது கடைசி இடம் பெறும். ஆனால் எளிய விளக்கம், ஒலிப்பு, திரிபு வடிவங்கள், சீன எழுத்து, தொடக்க-இடை-உயர் நிலைக் குறிப்பு, சொற்றொடரும் வாக்கியமும் உரையாடலுமாக அமைந்த எடுத்துக்காட்டுகள், தலைச்சொற்களாக இடம்பெறும் விகுதிகள் என மேற்கூறிய தேவைகளுள் பெரும்பாலானவற்றை நிறைவு செய்வது இதுவே. அயலாரை மனத்தில் கொண்டு தொகுக்கப்பட்டமையே காரணம். பேரகராதி உயர்நிலை வாசிப்புக்கும், உரிமால்செம் புதுச்சொல், வட்டாரச்சொல் தேடலுக்கும் உரியவை. பல அகராதிகளை ஒருசேரத் தேடித்தரும் நேவர் அகராதி விரைவுக்கு உகந்தது. ஆனால் ஒவ்வொரு பதிவும் எந்த அகராதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பார்த்தே கொள்ள வேண்டும்.

முடிவுரை

அடிப்படை அகராதியை ஒட்டி ஆங்கிலம், ஜப்பானியம், வியட்நாமியம், தாய், இந்தோனேசியம், மங்கோலியம் முதலிய மொழிகளில் கற்போர் அகராதிகள் அமைக்கப்பட்டுள்ளன. அவ்வரிசையில் தமிழ் இல்லை. இதைக் குறையாகச் சொல்லி நிறுத்துவதைவிட ஒரு செய்தியைக் கருதுவது பயனுடையது. அவ்வகராதியின் உள்ளடக்கம், மூலத்தைச் சுட்டி, அதே உரிமத்தில் வெளியிடும் நிபந்தனையுடன் எவரும் எடுத்தாளத்தக்க படைப்புரிமத்தின் கீழ் வழங்கப்படுகிறது. அதன் தொடக்கநிலைச் சொற்களுக்கு மட்டுமேனும் தமிழ்ப் பொருளும் மரியாதைக் குறிப்பும் எழுதுவது ஒரு பல்கலைக்கழகத் துறை மேற்கொள்ளத்தக்க பணி. உறவுப்பெயர், இரட்டைக்கிளவி, வினை விகுதி ஆகிய மூன்றிலிருந்து தொடங்கினால் ஆங்கில வழியில் இழப்பவற்றுள் பெரும்பகுதி மீளும். அதுவரை, அடிப்படை அகராதியை முதன்மையாகவும் பேரகராதியைத் துணையாகவும் கொண்டு, மொழிபெயர்ப்புச் செயலியைச் சரிபார்ப்புக்கு மட்டும் பயன்படுத்துவதே கொரிய மொழி கற்கும் தமிழருக்கு ஏற்ற வழியாகும்.