குரலை எடுத்துவிட்ட பிறகு

2009இல் வெளிவந்த ‘ஹிஸ்டாரிசிட்டி’ என்ற ஜாஸ் தொகுப்பில் பத்து உருப்படிகள் இருக்கின்றன. நான்கு, பியானோ வாசிக்கும் விஜய் ஐயரே அமைத்தவை. மற்ற ஆறும் பிறர் ஆக்கங்கள். அந்த ஆறில் ஐந்து ஆண்களுடையவை, ஒன்று மட்டும் ஒரு பெண்ணுடையது. அவர் தமிழ்ப் பெண். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம். பாடல் ‘கலாங்’. ஆனால் இந்தத் தொகுப்பில் பாட ஆள் கிடையாது. பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும்தான். வாசிக்கும் மூவரும் ஆண்கள். ஒரு தமிழ்ப் பெண் பாடிய பாட்டிலிருந்து அவளுடைய குரலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? விஜய் ஐயரின் பதிவுகளை வரிசையாகக் கேட்க என்னை உட்காரவைத்தது இந்தக் கேள்விதான்.

அவரைப் பற்றிக் கொஞ்சம். 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதில் மேற்கத்திய வயலின் படிக்கத் தொடங்கினார். பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். தாளத்தை நம் உடம்பு எப்படி உணர்கிறது என்பதை ஆராய்ந்து 1998இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார். முதல் தொகுப்பு 1995இல் வந்தது. 2013இல் மக்ஆர்தர் நல்கை, 2014இல் ஹார்வர்டில் பேராசிரியர் பதவி. ‘ஐயர்’ நமக்குச் சாதிப் பெயர். அமெரிக்காவில் அது வந்தேறியின் பெயர். அந்தப் பெயரோடு அவர் நுழைந்தது கறுப்பின மக்கள் உருவாக்கிய ஓர் இசைக்குள். ஸ்டீவ் கோல்மன், ராஸ்கோ மிட்செல் போன்ற கறுப்பின மேதைகளோடு வாசித்துத்தான் அவர் வளர்ந்தார். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டே அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

மாதங்கியின் கதை வேறு. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி மீண்டும் லண்டனுக்கு அகதியாகப் போனவர். பெரிய இசைக்குழு எதுவும் அவர் கையில் இல்லை. தோழி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் கொடுத்த ஒரு தாள இயந்திரத்தை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டத் தொடங்கினார். ‘கலாங்’ ஜமைக்கப் பேச்சுவழக்குச் சொல், ‘போய்க்கொண்டே இரு’ என்பது போன்ற பொருள். தெருவில் நின்று கத்துவது போன்ற பாட்டு அது. அதை விரும்பாதவர்கள்கூட அந்தக் குரலை மறக்க முடியாது.

விஜய் ஐயரின் ‘கலாங்’கில் பியானோ இனிமையாகப் பாட முயலவில்லை. இயந்திரத்தின் அடியைத்தான் அவர் கைகள் பிடித்துக்கொள்கின்றன. மார்கஸ் கில்மோரின் டிரம்ஸும் ஸ்டீஃபன் கிரம்ப்பின் பாஸும் அதோடு முட்டிமோதுகின்றன. மூவரும் சேர்ந்து மூச்சுவிடாமல் ஓடி, சட்டென்று முடித்துவிடுகிறார்கள். பாட்டுக்குள்ளிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது மாதங்கியின் தாள மூளை. பெண் பாடகியை எல்லோரும் குரல் என்பார்கள், அழகு என்பார்கள், கோபக்காரி என்பார்கள். கணக்குத் தெரிந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஜாஸின் பெரிய ஆசான்களான ஆண்ட்ரூ ஹில், ஜூலியஸ் ஹெம்ஃபில் ஆக்கங்களுக்கு நடுவே அவருடைய பாட்டை வைத்தது, அவரை இசையமைப்பாளராக மதித்த செயல்.

இதை ஒத்துக்கொண்ட பிறகும் எனக்கு ஒரு முள் உறுத்துகிறது. இந்தத் தொகுப்பு வந்த 2009தான் முள்ளிவாய்க்காலின் ஆண்டு. ஈழத்தைப் பற்றி மாதங்கி வாய்திறந்து பேசினார், பேசியதற்காக வசவும் வாங்கினார். அதே ஆண்டில் அவருடைய பாட்டு சொல் இல்லாமல் நல்ல அரங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்ணின் சொல் போன பிறகு அவள் இசையை மதிப்பது எளிது. விஜய் ஐயரை இதற்காகக் குற்றவாளி ஆக்கவில்லை. வாத்திய இசையின் இயல்பே அப்படி. ஆனால் கேட்கிற நாம் மூலப் பாட்டையும் தேடிக் கேட்காவிட்டால் அந்த மௌனத்தில் நமக்கும் பங்குண்டு.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2021இல் ‘அன்ஈஸி’ வருகிறது. மறுபடியும் மூவர் குழு. இம்முறை பாஸ் வாசிப்பவர் லிண்டா மே ஹான் ஓ, மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். அவர் வாசித்தால்தான் மற்ற இருவருக்கும் காலூன்ற இடம் கிடைக்கிறது. இதில் ‘டிரம்மர்ஸ் சாங்’ என்ற உருப்படி கறுப்பினப் பியானோக் கலைஞர் ஜெரி ஆலன் அமைத்தது. டெட்ராய்ட்டில் வளர்ந்து, 2017இல் மறைந்தவர். ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் தாளச் சுழற்சிகளைப் பியானோ விடாமல் பிடித்திருக்க, டிரம்ஸ் தன் போக்கில் பேசுகிறது. டிரம்ஸ்காரருக்கு ஒரு பாட்டு. எழுதியவர் ஒரு பெண்.

இது ஏன் பெரிய விஷயம்? ஐரோப்பிய வீடுகளில் பியானோவும் நம் வீடுகளில் வீணையும் கல்யாணத்துக்கு ஏற்ற வாத்தியங்கள். பெண் அடக்கமாக உட்கார்ந்து வாசிக்கலாம். தாளவாத்தியம் அப்படியில்லை. கச்சேரியை நடத்துகிற இடம் அது. அந்த இடத்தைப் பெண்ணுக்கு லேசில் விட்டதில்லை. எங்கள் புதுக்கோட்டைக்கு இது நன்றாகத் தெரியும். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையின் ஊர் இது. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறியவர் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள். 1910இல் பிறந்தவர். முதல் பெண் மிருதங்கக் கலைஞர் என்று போற்றப்படுபவர். இங்கே லயம் என்றால் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். அம்மாளின் பெயர் வர நேரம் பிடிக்கும், பல சமயம் வராமலே பேச்சு முடிந்துவிடும்.

ஜெரி ஆலனின் பெயரை விஜய் ஐயர் அப்படி விட்டுவிடவில்லை. 2024இல் வந்த ‘கம்பாஷன்’ தொகுப்பிலும் அதே பாட்டை மறுபடி எடுத்து வாசிக்கிறார். ஒருமுறை வாசித்தால் அஞ்சலி. திரும்பத் திரும்ப வாசித்தால் அது பாடமாகிவிடுகிறது. நம் வித்வான்கள் குருவின் உருப்படியை அப்படித்தான் காப்பாற்றினார்கள். ஒரு பெண்ணை அந்தக் குருவின் இடத்தில் வைத்துப் பழகியவர்கள் குறைவு. இடையில், 2023இல் வந்த ‘லவ் இன் எக்ஸைல்’ தொகுப்பில் பாகிஸ்தானியப் பாடகி அரூஜ் அஃப்தாபின் உருதுக் குரல் முன்னால் நிற்கிறது, பியானோ பின்வாங்கி இடம்விடுகிறது. அட்டையில் மூவர் பெயர், முதலில் அரூஜ்.

ஆனாலும் இடம்விடுவது இருப்பவர் கையில் இருக்கிற அதிகாரம்தான். அதனால் என் வரிசையில் கடைசியாக விஜய் ஐயரை வைக்கவில்லை. ராஜ்னா சுவாமிநாதனை வைத்திருக்கிறேன். உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் கற்ற தமிழ் அமெரிக்கப் பெண், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர், விஜய் ஐயரோடு வாசித்தவர். 2019இல் வந்த ‘ஆஃப் ஏஜென்ஸி அண்ட் அப்ஸ்ட்ராக்ஷன்’ தொகுப்பில் இசையமைத்ததும் குழுவை நடத்துவதும் அவரே. மாதங்கியின் ‘கலாங்’கில் தொடங்குங்கள், பிறகு மூவர் வாசிக்கும் ‘கலாங்’, அப்புறம் ‘டிரம்மர்ஸ் சாங்’, கடைசியில் ராஜ்னாவின் மிருதங்கம். ஒவ்வொன்றையும் கேட்டு முடித்ததும், அதை அமைத்தவர் யார், வாசிப்பவர்கள் யார் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதையும் படித்துவிடுங்கள்.