பபுள்கம் சீட்டுக்கு என்ன மதிப்பு?

பழைய பபுள்கம் சீட்டுகள் இணையச் சந்தையில் விலைக்கு வருகின்றன. கபில்தேவ் படத்துக்கு ஒரு விலை, ஸ்ரீகாந்துக்கு ஒரு விலை. விலை கிடைக்கிறது என்பதாலேயே அவற்றைப் பொக்கிஷம் என்று பேசவும் தொடங்கிவிட்டார்கள். பொக்கிஷம்தானா?

1980களின் கடைசியில், ரிலையன்ஸ் கோப்பைக் கிரிக்கெட் காலத்தையொட்டி, பிக் ஃபன் பபுள்கம் மென்றவர்களுக்குக் கதை தெரியும். கம்மோடு கிரிக்கெட் வீரர் படம் போட்ட சிறு சீட்டு வரும். இத்தனை ரன், இத்தனை விக்கெட் என்று அதில் அச்சடித்திருக்கும். கூட்டிச் சேர்த்துக் கொடுத்தால் ஒரு குட்டிப் புத்தகம் கிடைக்கும். பக்கங்களை விரலால் விர்ரென்று தள்ளினால் ஆட்டக்காரர் அசைவார்.

இங்கிலாந்தில் ஏ அண்ட் பிசி நிறுவனம் 1958 முதல் பபுள்கம்மோடு கால்பந்து வீரர் அட்டைகளை விற்றது. அங்கே அட்டையேதான் பரிசு. பையன்கள் அதை வைத்துக்கொள்ளவும், இரண்டு இருந்தால் இன்னொருவனிடம் மாற்றிக்கொள்ளவும், வரிசையை நிறைக்கவும் வாங்கினார்கள். நம் ஊர்ச் சீட்டு பரிசு அல்ல, பரிசுக்குக் கொடுக்க வேண்டிய காசு. கணக்கு நிறைந்தவன் கொடுத்துத் தீர்த்துவிட்டான். இன்று மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை கணக்கு நிறையாமல் நின்றவையாகவோ கடையில் விற்காமல் தங்கியவையாகவோதான் இருக்க வேண்டும். எல்லா வீரர்களையும் சேர்த்து ‘முழு செட்’ ஆக்குவது பிறகு வந்த ஆசை. அன்றைய பையனுக்கு ரன் கணக்குதான் குறி. ஏ அண்ட் பிசிக்குப் பொருந்தும் அளவுகோலை இதன்மேல் வைப்பதில் முதல் கோளாறு இங்கேயே இருக்கிறது.

1999 உலகக் கோப்பைக்குப் பிரிட்டானியா நடத்திய திட்டத்தைப் பாருங்கள். பிஸ்கட் உறையில் ரன் அச்சடித்திருந்தார்கள். 100 ரன் சேர்த்துக் கொடுத்தால் புத்தகம், அதிர்ஷ்டம் இருந்தால் இங்கிலாந்துப் பயணம். வீரரின் முகம் போட்ட தனிச் சீட்டே தேவைப்படவில்லை, உறையே போதும். முகம் வெறும் அலங்காரமாகத்தான் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அழகுக்காகச் சேர்க்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். குடவாசலில், கோணேசுவரர் கோயில் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் தன் சீட்டுகளை பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், சிவப்பு மை உதட்டைத் தாண்டி ஒரு நூல் அகலம் தள்ளி நிற்கிறது. அதே காலத்துச் சிவகாசித் தீப்பெட்டிப் படங்கள் இதைவிட நேர்த்தி. புரூக் பாண்ட் 1954 முதல் இங்கிலாந்துத் தேயிலைப் பொட்டலங்களில் போட்ட அட்டைகள் வேறு தரம். டனிக்ளிஃப் போன்ற தேர்ந்த ஓவியர்கள் பறவைகளை வரைந்தார்கள். பின்பக்கக் குறிப்பைப் படித்தே ஒரு பையன் பறவை அறிவு பெறலாம். நம் சீட்டில் படிக்க ரன் கணக்கு உண்டு, அவ்வளவுதான்.

முதலீடு? வெளிநாட்டு அட்டைச் சந்தை மூலை மழுங்காமல் இருப்பதற்கு மதிப்பெண் போடுகிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைப் பல வருடம் குடித்த டெல்டாப் பரணில் அப்படி ஒரு மூலை எங்கே தப்பும்? நண்பரின் சீட்டுகளில் பாதியை ராமபாணப் பூச்சி ஓரம் கடித்திருக்கிறது. மூலை மழுங்காத சீட்டு வேண்டுமென்றால், எந்தப் பையனின் சட்டைப்பைக்கும் போகாத சீட்டைத்தான் தேட வேண்டும். அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது எனக்கு விந்தையாகப் படுகிறது.

ஒரே ஒரு விஷயத்தில் இந்தச் சீட்டுகளுக்கு எதிராக என்னால் பேச முடியவில்லை. 1986இல் மெக்ஸிகோவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்களைத் தூர்தர்ஷன் காட்டியது; மரடோனா பெயர் நம் பையன்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் பபுள்கம் வியாபாரி கையில் எடுத்தது கிரிக்கெட்டைத்தான். ஒரு விளையாட்டு பெட்டிக்கடை மிட்டாய் ஜாடி வரை இறங்கி, காசுக்குப் பதில் ரன்னை எண்ணப் பழக்கியதற்கு இந்தச் சீட்டு நேரடிச் சான்று. புத்தகங்கள் ஆட்ட முடிவுகளைச் சொல்லும், இதைச் சொல்லாது.

ஆகவே என் தீர்ப்பு: கலைப்பொருளாகத் தேறாது, முதலீடாகவும் தேறாது. வணிக ஆவணமாகத் தேறும். அதுவும் சீட்டு மட்டும் தனியாக இருந்தால் அரைச் சான்றுதான். கம் சுற்றிவந்த தாள், பரிசு விவரம் சொன்ன விளம்பரம், பரிசாக வந்த அந்தக் குட்டிப் புத்தகம் ஆகியவற்றோடு சேர்த்து வைத்தால்தான் சேகரிப்பு பேசும். புகழ்பெற்ற வீரரின் சீட்டைவிட, யாரும் தேடாத அந்த விளம்பரத் தாளுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

குடவாசல், நாச்சியார்கோயில், கும்பகோணம் பக்கம் அந்த நாளில் பெட்டிக்கடையோ மளிகைக்கடையோ நடத்திய குடும்பத்தில் யாராவது இதைப் படித்தால், பரணில் கிடக்கும் பழைய தாள்களை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பெரியவர்களிடம் பரிசுக் கணக்கு எப்படி நடந்தது என்று கேட்டு எழுதியும் வையுங்கள்.