துரை மாறினால் போதுமா?

பதுளை பஸ் நிலையத்திலும், ஹாலி-எல சந்தியிலும், பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களின் சலூன்களிலும், பாடசாலை இடைவேளைகளிலும் ஓயாது நடைபெறும் விவாதம் ஒன்று உண்டு. மென்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் பயிற்றுவிப்பாளரை நீக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா? நீக்கினால் அடுத்தவர் யார்? வீரர்களை வாங்கும் பொறுப்பில் இருப்பவருக்கு விளையாட்டுத் தெரியுமா? இலங்கை அணிக்கு வெளிநாட்டார் வேண்டுமா, நம்மவரே போதுமா? அக்கழகத்தின் மைதானத்தைத் தொலைக்காட்சியில் அன்றி வேறெங்கும் காணாத இளைஞர்கள், தம் வீட்டு வழக்கைப் பேசுவதுபோல் இக்கேள்விகளைப் பேசுகின்றனர்.

நம்மிற் பெரும்பாலோர் இவ்விவாதத்தை மதிப்பதில்லை. வீண்பேச்சு என்று ஆசிரியர்கள் ஒதுக்குகின்றனர். முற்போக்கு நண்பர்கள் சிலரோ, மக்களை மயக்கும் அபின் என ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு அடுத்த விடயத்திற்குச் சென்றுவிடுகின்றனர். இவ்விரு தீர்ப்புகளும் அவசரமானவை. ஆயிரக்கணக்கான உழைக்கும் மக்களின் பிள்ளைகள் இத்தனை ஆர்வத்தோடு ஈடுபடும் ஒரு பேச்சு, ஒரு நாவலைப் போலவோ நாடகத்தைப் போலவோ விமர்சனத்துக்கு உரியதே. அதன் பலம் எது, பலவீனம் எது, அது யாருடைய உலகநோக்கைத் தாங்கி நிற்கிறது என்று கேட்பது நம் கடமையாகும்.

முதலிற் பலத்தைக் கூறுவோம். பாடநூற் செய்யுள் ஒன்றைப் பற்றி மூன்று வாக்கியங்கள் எழுதத் தயங்கும் மாணவன், பின்வரிசையில் மூவரை நிறுத்துவது சரியா, நால்வரை நிறுத்துவது சரியா என்று அரைமணி நேரம் வாதாடுகிறான். சென்ற ஆண்டின் ஆட்டத்தை நினைவுபடுத்தி இவ்வாண்டின் ஆட்டத்தோடு ஒப்பிடுகிறான். எதிர்வாதத்தைச் செவிமடுத்து அதற்கு விடை தேடுகிறான். மேலிடத்திலிருந்து வந்த முடிவு என்பதற்காக அதனை ஏற்றுக்கொள்ள மறுக்கிறான். சான்று, ஒப்பீடு, தருக்கம், அதிகாரத்துக்குப் பணியாமை ஆகிய இந்நான்கும் விமர்சனத்தின் அடிப்படைகள் அல்லவா? வழிகாட்டி நூலிலுள்ள விடையை மனனம் செய்யுமாறு பழக்கும் நம் வகுப்பறைகள் கொடுக்கத் தவறியதை இளைஞர்கள் சலூன் வாங்கிலே தாமாகக் கற்றுக்கொள்கின்றனர்.

பலவீனம், இவ்விவாதம் எங்கே நின்றுவிடுகிறது என்பதில் இருக்கிறது. அது எப்போதும் ஒரு தனிமனிதனிடத்திலே வந்து நின்றுவிடுகிறது.

மென்செஸ்டர் யுனைடெட்டின் அண்மைக்கால வரலாற்றை நோக்குக. 1986 முதல் 2013 வரை அலெக்ஸ் பேர்கசன் ஒருவரே பொறுப்பில் இருந்தார். அவர் ஓய்வுபெற்றபின், 2013க்கும் 2024க்கும் இடையில், மொயெஸ், வான் கால், மொரீனியோ, சொல்ஸ்கியார், டென் ஹாக், அமோரிம் என ஆறு பேர் நிரந்தரப் பயிற்றுவிப்பாளர் என்ற பெயரோடு நியமிக்கப்பட்டனர். இடையிடையே தற்காலிகமாக வந்து போனவர்கள் வேறு. ஒவ்வொருவர் வரும்போதும் அவதார புருடர் ஒருவரை எதிர்கொள்வதுபோல் எதிர்கொண்டனர். போகும்போது ராசியில்லாதவர் என்று தூற்றினர். புகழ்ச்சொற்களும் வசைச்சொற்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பெயர்கள் மட்டுமே மாறின. இக்காலம் முழுவதிலும் மாறாதிருந்தது ஒன்றுண்டு. 2005இல் பெருங்கடன் வாங்கிக் கழகத்தைத் தம் உடைமையாக்கிக்கொண்டு, அக்கடனைக் கழகத்தின் தலையிலேயே சுமத்திய அமெரிக்கக் குடும்பமே அது. 2024இல் வேறொரு செல்வந்தர் கால்பங்குக்குச் சற்று மேற்பட்ட பங்குகளை வாங்கி விளையாட்டு நிருவாகத்தைக் கைக்கொண்டார். அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 250 ஊழியரின் வேலைகளை ஒழிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் டென் ஹாக்கை நீக்கலாமா என்று நம் ஊரில் நடந்த வாதங்கள் எத்தனை! அந்த 250 பேரைப் பற்றி எழுந்த வாதம் எது?

தோட்ட மக்களுக்கு இது புதிய கதையன்று. “பழைய துரை நல்லவர், இந்தத் துரை பொல்லாதவர்” என்ற பேச்சைக் கேட்டுத்தான் நம் தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. ஒரு துரை பெரட்டுக்களத்தில் கடுஞ்சொல் கூறுவார். மற்றொருவர் திருவிழாவுக்கு நன்கொடை தருவார். வேறுபாடு இல்லையென்று சொல்வதற்கில்லை. கொழுந்தின் நிறையைக் குறைத்துப் போடுகிறவனுக்கும் நேராகப் போடுகிறவனுக்கும் உள்ள வேறுபாடு அன்றாட வயிற்றுப்பாட்டின் வேறுபாடு. ஆனால் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. வெள்ளைத் துரை போய்க் கறுப்புத் துரை வந்தார். அரச அதிகாரி போய்க் கம்பனி முகாமையாளர் வந்தார். லயத்து வாழ்வு ஒழிந்ததா? தொழிலாளி தான் குடியிருக்கும் நிலத்தைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை பெற்றாளா? துரையின் குணத்தைப் பற்றிய விவாதம் தோட்டம் யாருடையது என்ற கேள்வியை மறைத்து வந்ததைப் போலவே, பயிற்றுவிப்பாளரின் திறமை பற்றிய விவாதமும் கழகம் யாருடையது என்ற கேள்வியை மறைக்கிறது. மக்களின் கோபம் தன்மீது பாயாதிருக்க வேண்டுமாயின், ஆண்டுக்கொரு பயிற்றுவிப்பாளரைப் பலியிடுவது உடைமையாளனுக்கு மலிவான வழியாகும்.

இவ்விவாதத்தின் மொழியிலே கவனத்துக்குரிய சொல்லொன்று உண்டு. “நாங்கள் அவனை வாங்கியிருக்கக் கூடாது”, “நாங்கள் இவரை அனுப்பிவிட வேண்டும்” என்று ரசிகர் பேசுகின்றனர். இந்த ‘நாங்கள்’ யார்? அவர்களுக்குப் பங்கும் இல்லை, வாக்கும் இல்லை. ஆனாலும் இச்சொல்லை எள்ளி நகையாடுவது தகாது. தம் அன்பாலும் காசாலும் கழகத்தை வாழவைப்பவர்கள் தாமே என்ற உணர்வு அதில் இருக்கிறது, அவ்வுணர்வு நியாயமானது. உணர்வு உண்டு, உரிமை இல்லை என்பதே இங்குள்ள முரண்பாடு. 1948இல் குடியுரிமையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, ‘நம் நாடு’ என்று சொல்லியும் வாக்கில்லாதிருப்பதன் பொருளை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை உதைபந்தாட்ட அணிக்கு 2020இல் பொஸ்னியாவிற் பிறந்த அமீர் அலாகிச், 2022இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அன்டி மொரிசன், 2024இல் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல்முதைரி எனப் பயிற்றுவிப்பாளர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ரசிகர்களின் விவாதம் இவர்களின் தகுதியைச் சுற்றியே சுழன்றது. அதற்கிடையில், 2023 ஜனவரியில், வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி பீஃபா நம் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே தடை நீங்கியது. பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியப் போட்டியில் இலங்கை இடம்பெற முடியவில்லை. 1995இல் அக்கிண்ணத்தை வென்ற நாடு இது! எத்தகைய பயிற்றுவிப்பாளராயினும், ஆட அனுமதியில்லாத அணிக்கு எதனைப் பயிற்றுவிப்பார்?

அதே ஆண்டில் கிரிக்கெட்டிலும் இந்நாடகம் அரங்கேறியது. நவம்பர் 2ஆம் திகதி உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை அணி 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. நான்கு நாட்களில் விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் நிருவாகத்தைக் கலைத்து இடைக்காலக் குழுவொன்றை நியமித்தார். நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பாராளுமன்றம் நிருவாகத்தினர் விலக வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. 10ஆம் திகதி சர்வதேசப் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. மாத முடிவுக்குள் அமைச்சரே பதவியிழந்தார். பத்தொன்பது வயதுக்குட்பட்டோரின் உலகக் கிண்ணம் இலங்கையை விட்டுத் தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. அமைச்சர் சரியா, நிருவாகத்தினர் சரியா என்று நாடு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. விளையாடுபவரும், விளையாட்டை நேசிப்பவரும், சிறுவரைப் பயிற்றும் பாடசாலைகளும் அவ்விரு தரப்பிலும் எங்கே இடம்பெற்றனர் என்று கேட்டவர் சிலரே. அமைச்சரின் கட்டளையும் ஜனநாயகமன்று. சிறு வட்டத்தினரின் தேர்தலும் ஜனநாயகமன்று.

அப்படியாயின் யாரை நியமிப்பது என்ற விவாதமே வீண் என்பதா? அன்று. இதற்கு வரலாற்றில் ஒப்பற்ற சான்றொன்று உண்டு. 1960இல் திரினிடாட்டில் பத்திரிகையொன்றின் ஆசிரியராயிருந்த மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ், மேற்கிந்தியக் கிரிக்கெட் அணியின் தலைமையை பிராங்க் வொறலுக்கு வழங்க வேண்டுமென்று அயராது போராடினார். ஆட்டத் தொடர் ஒன்று முழுவதற்கும் அவ்வணியின் தலைவராக அதுவரை கறுப்பினத்தவர் எவரும் நியமிக்கப்பட்டதில்லை. 1960-61இல் அவுஸ்திரேலியா சென்ற அணிக்கு வொறல் தலைமை தாங்கினார். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட நூலிலும் இப்போராட்டத்தை எழுதினார். வொறல் திறமைசாலி என்பதை நிறுவுவதோடு அவர் அமையவில்லை. திறமைசாலியை இத்தனை காலம் விலக்கி வைத்த அமைப்பு எது, அது யாருடைய நலனைக் காத்தது என்று கேட்டார். ஒரு பெயரிலிருந்து தொடங்கி ஓர் அமைப்பின் அடித்தளம் வரை சென்ற விவாதம் அது. நம் ரசிகர் விவாதம் அப்பெயரிலேயே தொடங்கி அப்பெயரிலேயே முடிந்துவிடுகிறது.

இன்றைய உலகிலும் அடித்தளம் வரை சென்ற ரசிகர்கள் இருக்கின்றனர். ஜெர்மனியில் 1998இல் ஏற்கப்பட்ட விதியின்படி, கழகத்தின் வாக்குகளிற் பெரும்பான்மை அதன் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். இவ்விதிக்கு விலக்குகளும் உண்டு, அதனை ஏய்க்கும் வழிகளும் உண்டு. விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்பினரை வைத்துக்கொண்டு கம்பனியொன்றின் கழகம் நடப்பதையும் அங்கே காண்கிறோம். எனினும் அவ்விதியைக் காக்க ரசிகர்கள் விழித்திருக்கின்றனர். 2024இல், ஒளிபரப்பு வருவாயின் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்கும் திட்டத்தை, மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டங்களை நிறுத்தியே அவர்கள் கைவிடச் செய்தனர். 2021 ஏப்பிரலில் 12 பணக்காரக் கழகங்கள் தமக்கென ஒரு தனி லீக்கை அறிவித்தபோது, ஆங்கிலேய ரசிகர்கள் வீதிக்கு வந்தனர். இரண்டே நாட்களில் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. மே 2ஆம் திகதி மென்செஸ்டர் ரசிகர்கள் தம் கழக மைதானத்துள் புகுந்து ஆட்டத்தையே ஒத்திவைக்கச் செய்தனர். அன்று அவர்கள் முழங்கியது உடைமையாளருக்கு எதிராக.

அயல்நாட்டு உதாரணங்களோடு நாம் நிற்க வேண்டியதில்லை. பதுளைக்கு இதிற் பழைய உரிமை ஒன்றுண்டு. 1940இல் மலையகமெங்கும் எழுந்த வேலைநிறுத்த அலை ஊவாவை எட்டியது. அவ்வாண்டு மே 12ஆம் திகதி பதுளையில் நடந்த பெருங்கூட்டத்தில் சமசமாஜத் தலைவர் என். எம். பெரேரா உரையாற்றினார். வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு பேரவையைத் தேர்ந்தெடுத்தனர்; அப்பேரவையைக் கலந்தே செயற்படுவதாகத் துரை இணங்க வேண்டியதாயிற்று. பின்னர் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அப்போராட்டத்தை முறித்தன என்பதும் உண்மை. ஆனால் அங்கே நிகழ்ந்தது யாது? நல்ல துரை ஒருவரை அனுப்புமாறு அம்மக்கள் கெஞ்சவில்லை. துரை அவரேதான், அவருடைய அதிகாரந்தான் மாறியது.

அவ்வுணர்வின் சிறு பொறி நம் தோட்ட இளைஞர் கழகங்களில் இன்னும் அணையவில்லை. தைப்பொங்கலுக்கு ஒரு போட்டி வைப்பதானாலும், கூட்டங் கூடித் தலைவனைத் தெரிகின்றனர். பந்து வாங்கிய காசுக்குக் கணக்குக் கேட்கின்றனர். அதே இளைஞர், தேசிய சம்மேளனத்தின் தேர்தலில் வாக்களிப்பவை உறுப்பு லீக்குகளும் சங்கங்களுமே என்பதை அறிந்து, “எங்கள் மாவட்டத்தின் வாக்கு யாருக்கு அளிக்கப்பட்டது? ஏன்?” என்று கேட்கத் தொடங்கினால் எத்தகைய மாற்றம் விளையும்! சமதரை அரிதான இம்மலைகளில், எஞ்சியுள்ள துண்டு நிலம் விளையாட்டிடமா, தேயிலை நாற்றுமேடையா என்று தீர்மானிப்பவர் யார் என்று கேட்டால், விவாதம் மென்செஸ்டரிலிருந்து தம் லயத்து வாசலுக்கே வந்து சேருமன்றோ? அந்நிலம் கிடையாதவரை, எத்தனை வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர் வந்தாலும் அச்சிறுவனின் ஆட்டத்தை அவர்கள் காணப்போவதில்லை.

ஆகவே ஆசிரிய நண்பர்கள் செய்ய வேண்டுவது, இடைவேளையில் எழும் அந்தக் குரல்களை அடக்குவதன்று. வகுப்பறையில் அதற்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். பயிற்றுவிப்பாளரைப் பற்றி மாணவர் சொல்வதை முழுவதும் சொல்ல விடுங்கள். அதன்பின் மூன்று கேள்விகளை முன்வையுங்கள்: அவரை நியமித்தவர் யார்? நியமித்தவரை நியமித்தவர் யார்? அவர்களிடம் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? முதற் கேள்விக்கு விடை உடனே வரும். இரண்டாவதற்குச் சற்றுத் தேட வேண்டும். மூன்றாவதற்கு விடை காண, மாணவர் உதைபந்தாட்டத்தை விட்டுத் தோட்டத்தையும், தொழிற்சங்கத்தையும், பிரதேச சபையையும் பற்றிப் பேச வேண்டிவரும். அவர்கள் பேசட்டும்.