பூட்டும் புதுப்பித்தலும்: எக்ஸ்ஸ்கிரீன்சேவர் மென்பொருளின் மேம்பாட்டு நெறி குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

கணினித் திரையைப் பூட்டும் மென்பொருளை எவ்வாறு புதுப்பிப்பது, எதனை அதன் மேம்பாடு எனக் கொள்வது என்னும் வினாக்கள் கட்டற்ற மென்பொருள் உலகில் நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வருகின்றன. ஜேமி ஜாவின்ஸ்கி 1992இல் வெளியிட்டு இன்றுவரை பேணிவரும் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் மென்பொருளையும் அதனையொட்டி எழுந்த விவாதங்களையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. திரைப்பூட்டைப் பொறுத்தவரை ‘சாதாரணப் பிழை’, ‘பாதுகாப்புப் பிழை’ என்னும் பகுப்பு செல்லாது. அப்பகுப்பின்மேல் எழுந்த புதுப்பித்தல் கொள்கைகள் இவ்விடத்தில் தடுமாறுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: திரைக்காப்பு, திரைப்பூட்டு, எக்ஸ் சாளர முறைமை, டெபியன், லினக்ஸ் மின்ட், வேலண்ட்

காப்பும் பூட்டும்

தமிழில் ‘திரைக்காப்பு’ என வழங்கும் சொல் திரையைக் காப்பதையே குறிக்கிறது. திரைக்குப் பின்னுள்ள கோப்புகளை அன்று. பழைய கதிர்க்குழாய்த் திரைகளில் ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் பாஸ்பர் பூச்சில் நிலையாகப் பதிந்துவிடும். அதனைத் தவிர்க்கவே ஜான் சோச்சா 1983 டிசம்பரில் சாஃப்ட்டாக் இதழில் ஒரு சிறுநிரலை வெளியிட்டார். மூன்று நிமிடம் எவ்விசையும் அழுத்தப்படாவிடில் அது திரையை இருளாக்கியது. 1989இல் வந்த ஆஃப்டர் டார்க் இருளுக்குப் பதிலாகப் பறக்கும் ரொட்டி வாட்டிகளைத் தந்தது. காப்பு இங்ஙனம் காட்சியாயிற்று. பலர் ஒரே கூடத்தில் கணினியைப் பயன்படுத்திய பல்கலைக்கழக, அலுவலகச் சூழல்களில் அதே நிரல் கடவுச்சொல் கேட்கவும் தொடங்கியது. கதிர்க்குழாய்கள் மறைந்தபின் முதல் தேவை பெரும்பாலும் நீங்கிவிட்டது; இரண்டாவது தேவையோ நாளுக்கு நாள் வலுத்தது.

இவ்விரண்டு பணிகளும் ஒரே பெயரின்கீழ் நின்றுவிட்டமையே பிற்காலக் குழப்பங்கள் பலவற்றின் வேர் எனலாம். அழகூட்டும் நிரல் பிழைபட்டால் ஒரு படம் நின்றுபோகும், அவ்வளவே. காவல் செய்யும் நிரல் பிழைபட்டால் நேர்வது வேறு. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் இரண்டையும் சுமக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட காட்சிநிரல்கள் அதில் உள்ளன; மக்கள் அதனை அறிந்திருப்பது அவற்றால்தான். ஆயின் திறனாய்வுக்குரியது அதன் பூட்டே.

பூட்டறியா முறைமை

எக்ஸ் சாளர முறைமையின் பதினோராம் பதிப்பு 1987இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானது. அதன் மூல நெறிமுறையில் ‘பூட்டப்பட்ட திரை’ என்னும் கருத்தே இல்லை. ஆகவே பூட்டு நிரலும் அம்முறைமையில் மற்ற நிரல்களை ஒத்த ஒரு சாதாரண நிரல்தான். அது திரை முழுதும் பரந்த ஒரு சாளரத்தை எல்லாவற்றிற்கும் மேலாக விரிக்கிறது. விசைப்பலகையையும் சுட்டியையும் தன் பிடியில் எடுத்துக்கொள்கிறது. பூட்டு என்று நாம் காண்பது இவ்வளவே. உண்மையில் அது கதவன்று, திரைச்சீலை.

இவ்வமைப்பிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. வேறொரு நிரல் ஏற்கெனவே விசைப்பலகையைப் பிடித்திருந்தால், எடுத்துக்காட்டாக ஒரு பட்டி விரிந்தநிலையில் விடப்பட்டிருந்தால், பூட்டு நிரலுக்குப் பிடி கிட்டாது. திரை பூட்டப்படாமலேயே கிடக்கும். மற்றது இதனினும் கொடியது. பூட்டு நிரல் எக்காரணத்தாலேனும் நின்றுபோனால் அதன் சாளரம் மறையும், பிடி நழுவும், உரியவர் விட்டுச்சென்ற பணி அப்படியே வெளிப்படும். நினைவகம் போதாதபோது இயங்குதளத்தின் கருவே சில நிரல்களை முடித்துவைப்பதுண்டு; அப்பட்டியலில் பூட்டு நிரலும் அகப்படலாம். மற்றெந்த நிரலிலும் முறிவு என்பது இழப்பு. பூட்டு நிரலில் முறிவு என்பது அனுமதி.

2012இல் வெளிவந்த ஒரு குறைபாடு இதனை விளக்கப் போதுமானது. சிவிஇ-2012-0064 எனப் பதிவான அது எந்தப் பூட்டு நிரலின் குற்றமும் அன்று. பிடியை வைத்திருக்கும் நிரலை முடித்துவைக்கும் ஒரு விசைச்சேர்க்கை, பிழைதேடுவோர் வசதிக்காக எக்ஸ் சேவையகத்தில் இருந்தது. சேவையகத்தின் 1.11 பதிப்போடு அது இயல்பாகவே இயங்கும் நிலைக்கு வந்தது. கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எண்பலகையின் பெருக்கல் குறியை அழுத்தினால் போதும். எத்தனை நேர்த்தியான பூட்டும் கழன்றுவிடும். பூட்டு நிரலை எழுதியவர் ஒரு வரியும் மாற்றாதிருந்தும் அவருடைய பூட்டு உடைந்தது.

2004ஆம் ஆண்டுக் குறிப்பும் அதன் எல்லையும்

இப்பின்னணியில்தான் ஜாவின்ஸ்கி 2004இல் எழுதிய ஒரு குறிப்பைப் படிக்க வேண்டும். கடவுச்சொல் பெட்டி பழமையான தோற்றத்தில் இருக்கிறது, அதனை ஜிடிகே அல்லது கியூடி போன்ற புதிய இடைமுகக் கருவிப்பெட்டிகளைக் கொண்டு அமைக்கலாகாதா என்று கேட்டவர்களுக்கு அவர் அளித்த விடை அது. பெருங்கருவிப்பெட்டி ஒன்றைப் பூட்டு நிரலுக்குள் இணைத்தால், அதன் பல்லாயிரம் வரிகளில் எங்கோ உள்ள பிழையொன்று பூட்டைத் திறந்துவிடும்; ஆகவே பூட்டு நிரல் மிகக் குறைந்த நிரலகங்களையே நம்பியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தின் தருக்கத்தில் பழுதில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பிற பூட்டு நிரல்கள் பலவற்றுக்கு நேர்ந்தவை அதனை மெய்ப்பித்தன. ஆயினும் அது விட்டுவிட்ட ஒன்று உண்டு. கருவிப்பெட்டிகள் அழகை மட்டும் தருவனவல்ல. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச்சொல்லும் வசதி, விசைகளை அழுத்த இயலாதோருக்குத் திரைமேல் விசைப்பலகை, பல எழுத்துமுறைகளைப் பிழையின்றிக் காட்டும் திறன் ஆகியவையும் பெரும்பாலும் அவற்றின் வழியாகவே வருகின்றன. எளிமை என்பது யாருக்கு எளிமை என்னும் வினா அக்குறிப்பின் வாதத்துக்கு வெளியே நிற்கிறது.

தமிழில் தட்டச்சு செய்வோர் இதனை எளிதில் உணர்வர். தமிழ்99 அமைப்பில் எழுதிக்கொண்டிருந்தவர் தேநீருக்கு எழுந்து செல்கிறார், திரை பூட்டிக்கொள்கிறது. திரும்பிவந்து கடவுச்சொல்லை அடிக்கிறார். விசைப்பலகை இன்னும் தமிழ்நிலையிலேயே இருக்கிறது. பெட்டியில் தெரிபவை புள்ளிகள் மட்டுமே. எனவே எவ்வெழுத்து உள்ளே சென்றது என்பதை அவர் அறிய வழியில்லை. மூன்றுமுறை தவறியபின்தான் ஐயம் எழும். நடப்பிலுள்ள விசைப்பலகை அமைப்பைப் பெட்டியில் காட்டுவது ஆங்கிலம் மட்டுமே எழுதுவோருக்கு அலங்காரமாகத் தோன்றலாம்; இருமொழியில் எழுதுவோருக்கு அது இன்றியமையாதது.

டெபியன் விவாதம்

2016இல் விவாதம் வேறு திசையில் வெடித்தது. தம் நிரல் குறிப்பிட்ட காலத்திற்கு மேல் பழையதாகிவிட்டால் ‘இப்பதிப்பு மிகப் பழையது, புதுப்பிக்கவும்’ என்னும் பொருளில் பயனருக்கு எச்சரிக்கை காட்டும் வரிகளை ஜாவின்ஸ்கி அதில் சேர்த்திருந்தார். டெபியனின் நிலைப்பதிப்பு 2015 ஏப்ரலில் வெளிவந்தது. அதில் இருந்தது எக்ஸ்ஸ்கிரீன்சேவர் 5.30. காலம் கடந்ததும் எச்சரிக்கை பயனர்களின் திரையில் தோன்றத் தொடங்கியது. டெபியனின் பிழைப்பதிவேட்டில் முறையீடு எழுந்தது. எச்சரிக்கையை நீக்கிவிடலாமா என ஒரு சாரார் வினவினர். உரிமம் அதற்கு இடம் தருகிறது. நீக்குவதாயின் என் மென்பொருளையே வழங்காதீர்கள் என்றார் ஆசிரியர்.

இருதரப்புக்கும் நியாயம் உண்டு. தாம் எப்போதோ திருத்திவிட்ட பிழைகளைக் குறித்துப் பழைய பதிப்பின் பயனர்கள் நாள்தோறும் எழுதும் கடிதங்கள் ஒரு தனிமனிதர் சுமக்கத்தக்கனவல்ல. டெபியனின் நிலைப்பாடும் சோம்பலால் விளைந்ததன்று. நிலைப்பதிப்பு வெளியானபின் அதிலுள்ள நிரல்களின் பதிப்புகளை மாற்றாமல், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்பிலேயே பொருத்தித் தருவது அதன் நெறி. இதனை நம்பித்தான் பல சேவையகங்கள் ஆண்டுக்கணக்கில் இயங்குகின்றன.

ஆனால் அந்நெறி ஓர் அடிப்படை அனுமானத்தின்மேல் நிற்கிறது: பாதுகாப்புப் பிழைகளை மற்றப் பிழைகளிலிருந்து பிரித்தறிய இயலும் என்பது அது. சொற்செயலி ஒன்றில் இப்பகுப்பு பெரும்பாலும் செல்லும். பூட்டு நிரலில் செல்லாது. அங்கே நிரலை முறிக்கும் எந்தப் பிழையும், அது நிழற்படம் வரைவதில் நேர்ந்த தவறாயினும், திரையின் அளவு மாறும்போது நேர்ந்த தவறாயினும், தன்னளவிலேயே பாதுகாப்புப் பிழை. ‘சிறு திருத்தம்’ எனப் பதிவான ஒன்று பூட்டைக் காத்த திருத்தமாக இருந்திருக்கலாம். அதற்குச் சிவிஇ எண் இராது. ஆகவே நிலைப்பதிப்புக்கு அது வாராது. டெபியன் விவாதத்தில் உரிமம், மரியாதை, ஆசிரியரின் கடுஞ்சொல் ஆகியவை மிகுதியாகப் பேசப்பட்டன. இவ்வனுமானமே ஆராயத்தக்கதாக இருந்தது.

மறுபுறம், ஆசிரியர் வைத்த அளவுகோலும் போதாது. பதிப்பின் வயதைக்கொண்டு அதன் பாதுகாப்பை அளப்பது, பால் கெட்டதா என்பதை நாள்காட்டியைப் பார்த்துச் சொல்வதைப் போன்றது. பெரும்பாலும் சரியாக இருக்கும். எப்போது தவறும் என்று அதனால் சொல்ல இயலாது.

புதுப்பித்தலே திறந்த பூட்டு

அது எவ்வாறு தவறும் என்பதை 2021 சனவரியில் லினக்ஸ் மின்ட் காட்டியது. ஒரு பயனரின் குழந்தைகள் பூட்டிய கணினியின் விசைப்பலகையிலும் திரைமேல் விசைப்பலகையிலும் ஒருசேரக் கண்டபடி தட்டினர். பூட்டு நிரல் முறிந்து திரை திறந்தது. தற்செயல் என்று தந்தை எண்ணினார்; ஆயின் அவர்கள் இரண்டாம் முறையும் திறந்துவிட்டனர்.

காரணத்தை ஆராய்ந்தபோது தெரியவந்ததே இக்கட்டுரைக்கு முதன்மையானது. எக்ஸ் சேவையகத்தில் சிவிஇ-2020-25712 என்னும் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அதற்குச் சில வாரங்கள் முன்பு திருத்தம் வந்திருந்தது. அத்திருத்தத்திற்குப்பின், கரிபு என்னும் திரைமேல் விசைப்பலகை நிரலகத்தில், மேற்கோடிட்ட ‘ē’ எழுத்தை அழுத்தினால் முறிவு நேர்ந்தது. சின்னமன் பணிச்சூழலின் பூட்டு நிரலோ அந்நிரலகத்தைத் தன்னுள்ளேயே இணைத்திருந்தது. ஒருவர் பிழையின்றிச் செய்த பாதுகாப்புத் திருத்தம், மற்றொருவரின் நிரலகத்தை முறித்து, மூன்றாமவரின் பூட்டைத் திறந்தது. உடனுக்குடன் புதுப்பித்தவரே இங்கு இடருக்கு உள்ளானார், புதுப்பிக்காதவர் தப்பினார்.

ஜாவின்ஸ்கி தம் 2004ஆம் ஆண்டு எச்சரிக்கையை நினைவூட்டி எழுதினார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆயினும் முறிந்தது அணுக்கவசதி நிரலகம் என்பதும், முறித்தது ஆங்கிலத்தில் இல்லாத ஓர் எழுத்து என்பதும் கவனிக்கத்தக்கன. ‘அதனை நீக்கிவிடுங்கள்’ என்பது விடையாகுமாயின், அவ்விடையின் விலையைச் செலுத்துவோர் விசைப்பலகையைத் தொட இயலாதவர்களும் பிறமொழி எழுதுவோரும்தாம்.

பிரித்து வைத்தல்

அவ்வாண்டே வெளிவந்த எக்ஸ்ஸ்கிரீன்சேவர் 6.00 இச்சிக்கலுக்கு மேலான விடையைத் தந்தது. காட்சிநிரல்கள் முன்பே தனிச் செயல்முறைகளாக இயங்கி வந்தன. இப்போது எஞ்சியதும் மூன்றாகப் பிரிந்தது. பிடியை வைத்திருந்து பூட்டைக் காக்கும் மைய நிரல் எதையும் வரைவதில்லை. திரையில் வரைவதற்கு ஒன்று, கடவுச்சொல்லைக் கேட்டுச் சரிபார்ப்பதற்கு ஒன்று என இரு துணைநிரல்கள் தனித்தனியே இயங்குகின்றன. துணைநிரல் முறிந்தால் மைய நிரல் அதனை மீண்டும் எழுப்பும்; பூட்டு அசையாது. சின்னமனிலும் பின்னர், முதன்மைப் பூட்டு முறிந்தால் திரையை மூடிநிற்கும் மாற்றுப் பூட்டு நிரல் ஒன்று சேர்க்கப்பட்டது.

இதனை அமைப்புத் தூய்மை என்று மட்டும் பாராட்டுவது குறைமதிப்பீடாகும். கடவுச்சொல் பெட்டி பிரிந்துவிட்டபின், அது முறிவதால் பூட்டு திறக்கும் அச்சம் இல்லை. எனவே 2004இல் மறுக்கப்பட்டவற்றுக்கு இனி இடம் தரலாம். எளிமைக்கும் அணுக்கத்துக்கும் இடையே தெரிவு செய்தே ஆகவேண்டும் என்பது எல்லாவற்றையும் ஒரே செயல்முறையில் வைத்தமையால் எழுந்த தோற்றமேயன்றி, சிக்கலின் இயல்பன்று. 2004இன் குறிப்புக்கும் இப்பதிப்புக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கடந்தன என்பது ஒரு குறையே.

ஆயினும் இது எக்ஸ் முறைமைக்குள் நின்று செய்யக்கூடிய திருத்தம். மைய நிரலும் முடிவில் ஒரு சாதாரண நிரல்தான். அதுவே கொல்லப்பட்டால் சீலை விழும். வேலண்ட் முறைமையில் 2022இல் வரையறுக்கப்பட்ட அமர்வுப் பூட்டு நெறிமுறை அவ்விடத்தைத் தொடுகிறது. பூட்டும் பொறுப்பு அங்கே திரையை ஆளும் மேலாண்மை நிரலிடமே உள்ளது. கடவுச்சொல் கேட்கும் நிரல் இறந்தாலும் அமர்வு பூட்டியபடியே இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தைய வழிகளை நம்பியிருந்த ஸ்வேலாக், முறிவால் திறந்துகொள்ளும் குறைபாட்டுக்கு உள்ளாகி, அவ்வாண்டே 1.6ஆம் பதிப்பில் புதிய நெறிமுறைக்கு மாறியது.

முறிவு மூடியபக்கம் சாய்ந்தால் அதன் தொல்லை உரியவருக்கே நேர்கிறது. கேடிஈ பிளாஸ்மாவின் பூட்டு பழுதுபட்டால், பூட்டு நிரல் முறிந்தது, இனித் திறக்க இயலாது, வேறொரு முனையத்திற்கு மாறி இன்ன கட்டளையை இடுக என்னும் அறிவிப்பு கருந்திரையில் தோன்றும். நிரலாளருக்கு அது போதும். தமிழில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அலுவலருக்கு அவ்வறிவிப்பின் பொருளே விளங்காது. அவர் மின்பொத்தானை அழுத்திப்பிடித்து, சேமிக்காத கடிதத்தை இழப்பார். கடவுச்சொல் பெட்டியில் மொழிநிலையைக் காட்டுவதும், இத்தகைய அறிவிப்பைப் பயனரின் மொழியில் தருவதும் மைய நிரலைத் தொடாமலே இனிச் செய்யத்தக்க பணிகள்.