லட்சத்துக்கு எத்தனை போலீஸ்?

சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது: ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை போலீஸ்? மத்திய அரசின் காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம் ஆண்டுதோறும் இதற்கு விடை தருகிறது. 2020 ஜனவரி 1 நிலவரப்படி, மாநிலக் காவல் படைகளுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 26.23 லட்சம், பணியில் இருந்தவர்கள் 20.91 லட்சம். லட்சத்துக்கு 195 பேர் என்று அனுமதித்துவிட்டு, ஏறத்தாழ 156 பேரை வைத்தே வேலை நடந்திருக்கிறது.

இந்தக் கணக்கை நான் தள்ளிவிட மாட்டேன். கோப்புகளுக்குள் கிடந்த காலியிடங்களைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது இதுதான். 2017இல் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசம், பீகார், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களிடம், ஆண்டுவாரியாக எத்தனை பேரை எடுப்பீர்கள் என்று அட்டவணை கேட்டது. காலியிட எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் அப்படிக் கேட்க முடிந்தது.

ஆனால் அந்த விகிதத்தை அளவுகோலாக வைத்தே திட்டமிடும்போது கோளாறு தொடங்குகிறது. நாகாலாந்தில் லட்சத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸ் உண்டு. பீகாரில் 2020 நிலவரப்படி நூறுகூடக் கிடையாது. நாகாலாந்து மக்கள் பத்து மடங்கு பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அங்கே உள்ள காவலர்களில் பெரும்பகுதியினர் ஆயுதப் பட்டாலியன்களில் இருக்கிறார்கள். புகார் வாங்குகிற எழுத்தரும், கலவரத்துக்கு லாரியில் ஏறுகிற பட்டாலியன் காவலரும் இந்தக் கணக்கில் ஒரே தலைதான்.

வகுக்கும் எண்ணும் பழையது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால், 2011 கணக்கிலிருந்து நீட்டிய மதிப்பீட்டை வைத்தே விகிதம் போடப்படுகிறது. பனியன் கம்பெனிகளை நம்பித் திருப்பூருக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களை அந்த மதிப்பீடு எப்படிப் பிடிக்கும்? கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் கூடும் லட்சக்கணக்கானவர்களுக்கு அதில் இடமே இல்லை. ஆனால் அன்றைக்குப் பந்தோபஸ்துக்குப் போகிற காவலர் எங்கோ ஒரு நிலையத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறார்.

தமிழ்நாட்டின் ஆள்சேர்ப்பு முறைக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, அது நியாயமானதும்கூட. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வும், 1500 மீட்டர் ஓட்டமும், கயிறு ஏறுதலும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரசு வேலையின் வாசலைத் திறந்திருக்கின்றன. பெண்களுக்கு 30 விழுக்காடு இடமும் இருக்கிறது. குறை அதன் நடையில் இருக்கிறது. 2020இல் 10,906 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, 2022இல் 3,552, 2023இல் 3,359. சிறைக் காவலரும் தீயணைப்பாளரும் இதே எண்ணிக்கைக்குள் அடக்கம். ஓய்வு பெறுகிறவர்கள் ஆண்டுதோறும் போய்க்கொண்டிருக்க, ஆள்சேர்ப்பு மட்டும் இப்படி ஏறி இறங்குகிறது.

இன்னொன்று, வெளியே அதிகம் பேசப்படாதது. தேர்வாகும் இரண்டாம் நிலைக் காவலர் நேராக நிலையத்துக்கு வருவதில்லை. ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோ போகிறார். 'தாலுகா' எனப்படும் நிலையப் பணிக்கு வர ஆண்டுகள் ஆகும். எனவே இன்று வெளியாகும் அறிவிப்பு, இன்று ஆளில்லாமல் திணறும் நிலையத்துக்கு உடனடி உதவி ஆகாது. ஒரே அலையில் சேர்ந்தவர்கள் ஒரே காலத்தில் பதவி உயர்ந்து சிறப்பு உதவி ஆய்வாளர் ஆகிறார்கள். அந்த உயர்வு அவர்களுக்கு உரிமை. ஆனால் அடுத்த அலை சிறியதாக இருந்தால், பாரா நிற்கவும் சம்மன் கொடுக்கவும் நிலையத்தில் இளையவர்கள் மிஞ்ச மாட்டார்கள்.

இருப்பவர்களையும் நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. காவலரை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை 1979இலேயே அரசாணை போட்டு ஒழித்த மாநிலம் இது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதே முறையைக் கண்டிக்க வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டில் வேலை செய்கிற காவலரும் லட்சத்துக்கு இத்தனை என்ற கணக்கில்தான் இருக்கிறார். இது எனக்குப் பொறுக்க முடியாத அநீதி, அவருக்கும் மக்களுக்கும்.

எண்ணிக்கைக் குறைவின் விலையைக் கொடுப்பவர் கடைநிலைக் காவலர். எட்டு மணி நேரப் பணிமுறை பற்றி 2014இல் வெளியான தேசிய ஆய்வில், நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைப்பது தெரிந்தது. தமிழ்நாடு அரசு 2021இல் வார விடுப்புக்கு ஆணை பிறப்பித்தது. வரவேற்க வேண்டிய ஆணை. ஆனால் திருவிழா, தலைவர் வருகை, போராட்டம் என்று பந்தோபஸ்து வந்தால் முதலில் பறிபோவது அந்த விடுப்புதான். மும்பை தேவ்னார் காவல் நிலையத்தில் 2016இல், ஒரு காவலரே வகுத்துக் கொடுத்த திட்டப்படி எட்டு மணி நேர முறையைச் சோதித்தார்கள்; பின்னர் நகரின் மற்ற நிலையங்களுக்கும் அது விரிந்தது. ஆளைக் கூட்டுவதோடு நேரத்தைப் பங்கிடுவதும் கணிசமான பலன் தரும் என்பதற்கு அது சான்று. அதைக் காட்டி, ஆளே வேண்டாம் என்று எந்த நிதித்துறையும் வாதிடக் கூடாது.

ஆகவே, காவல்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் ஆண்டுதோறும் நிலையம் வாரியாக மூன்று எண்களை அரசு அச்சிட வேண்டும்: அனுமதிக்கப்பட்டவர், பணியில் இருப்பவர், அயல்பணிக்கு அனுப்பப்பட்டவர். ஆள்சேர்ப்பு, அடுத்த ஐந்தாண்டு ஓய்வுப் பட்டியலை வைத்து ஆண்டுதோறும் நடக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதியின் ஒவ்வொரு நிலையத்துக்கும் இந்த எண்களைக் கேட்டு வாங்க வேண்டும்.