பிலவட் (1998 திரைப்படம்)

பிலவட் 1998-ல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். டோனி மாரிசன் 1987-ல் எழுதிய அதே பெயருடைய நாவலின் திரைவடிவம். ஜோனதன் டெம்மி இயக்கினார். ஓப்ரா வின்ஃப்ரே, டேனி குளோவர், தாண்டி நியூட்டன், கிம்பர்லி எலீஸ், பியா ரிச்சர்ட்ஸ் ஆகியோர் முக்கியப் பாத்திரங்களில் நடித்தனர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் படம். தலைப்பின் பொருள் 'அன்புக்குரியவள்'. ஒரு குழந்தையின் கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்ட ஒரே சொல் அது.

அடிமைமுறையைப் பற்றிய திரைப்படங்களில் பெரும்பாலானவை விடுதலையில் முடிபவை. பிலவட் விடுதலைக்குப் பிறகு தொடங்குகிறது. சாட்டையும் சங்கிலியும் இதில் உண்டு, ஆனால் அவை படத்தின் மையம் அல்ல. சட்டம் ஒருவரை விடுவித்த பிறகும் நினைவு அவரை விடுவிக்காதபோது எப்படி வாழ்வது என்பதே படம் எழுப்பும் கேள்வி. இப்படம் பார்ப்பதற்குக் கடினமானதாக இருப்பதற்கும், வெளிவந்தபோது பெரும்பாலான பார்வையாளர்கள் இதைத் தவிர்த்ததற்கும், இன்று மீண்டும் பார்க்கத்தக்கதாக இருப்பதற்கும் காரணம் இந்தக் கேள்விதான்.

வரலாற்றுப் பின்னணி

நாவலின் விதை ஓர் உண்மை நிகழ்வு. 1856 ஜனவரியில் கென்டகி மாநிலத்தில் அடிமையாக இருந்த மார்கரெட் கார்னர் தன் குடும்பத்துடன் உறைந்திருந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டி நகருக்குத் தப்பினார். ஒஹாயோவில் அடிமைமுறை கிடையாது. ஆனால் 1850-ன் தப்பியோடிய அடிமைகள் சட்டம், அத்தகைய மாநிலங்களில் பிடிபடுபவர்களையும் உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றது. அவர்கள் ஒளிந்திருந்த வீடு சூழப்பட்டபோது, குழந்தைகள் மீண்டும் அடிமைகளாவதைவிட இறப்பது மேல் என்று கருதிய கார்னர், ஏறத்தாழ இரண்டு வயதான தன் மகளைக் கத்தியால் கொன்றார்.

அதைத் தொடர்ந்த வழக்கு அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டது. அடிமை ஒழிப்பாளர்கள் அவர்மீது ஒஹாயோ மாநிலச் சட்டப்படி கொலைக்குற்றம் சாட்ட வேண்டும் என்று போராடினர். அவரைத் தண்டிக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம் அல்ல. கொலைக்குற்றம் சாட்டினால் அவரைப் பொறுப்புள்ள மனிதராகவும், இறந்த குழந்தையை ஒரு மனித உயிராகவும் அரசு ஏற்றாக வேண்டும். இறுதியில் சொத்துரிமையே வென்றது. கார்னர் உரிமையாளரிடம் திருப்பி அனுப்பப்பட்டார். 1858-ல் நச்சுக்காய்ச்சலில் இறந்தார்.

மாரிசன் பதிப்பாசிரியராகப் பணியாற்றியபோது, 1974-ல் வெளிவந்த 'தி பிளாக் புக்' என்னும் தொகுப்புக்காகப் பழைய ஆவணங்களைத் திரட்டினார். அப்போது கார்னர் பற்றிய பத்திரிகைச் செய்தி அவர் கண்ணில் பட்டது. நாவல் 1988-ல் புலிட்சர் பரிசு பெற்றது. 1993-ல் மாரிசனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாவலின் திரை உரிமையை வாங்கிய ஓப்ரா வின்ஃப்ரே ஏறத்தாழ பத்தாண்டுகள் முயன்று அதைப் படமாக்கினார்.

கதைச்சுருக்கம்

1873-ஆம் ஆண்டு. சின்சினாட்டி நகரின் புறத்தே ஒரு வீட்டில் சேதா தன் மகள் டென்வருடன் வாழ்கிறாள். அந்த வீட்டில் இறந்துபோன ஒரு குழந்தையின் ஆவி இருக்கிறது. பொருட்கள் பறக்கின்றன, சுவர்கள் அதிர்கின்றன. சேதாவின் இரண்டு மகன்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே பயந்து ஓடிவிட்டனர். அக்கம்பக்கத்தார் எவரும் அந்த வீட்டை அண்டுவதில்லை.

'ஸ்வீட் ஹோம்' என்ற கென்டகிப் பண்ணையில் சேதாவுடன் அடிமையாக இருந்த பால் டி ஒருநாள் அங்கு வந்து சேர்கிறான். ஆவியுடன் போராடி அதை விரட்டுகிறான். மூவரும் ஒரு குடும்பமாகலாம் என்ற நம்பிக்கை பிறக்கும் நேரத்தில், நீரிலிருந்து எழுந்துவந்த ஒரு இளம்பெண் வீட்டு முன்றிலில் அமர்ந்திருக்கிறாள். தன் பெயர் பிலவட் என்கிறாள். அவளுக்குச் சரியாக நடக்கவும் பேசவும் வரவில்லை. இனிப்புக்கு அலைகிறாள். எவரும் சொல்லாமலேயே சேதாவின் பழைய காதணிகளைப் பற்றிக் கேட்கிறாள்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது படத்தின் பாதி கடந்த பிறகே முழுமையாகத் தெரியவருகிறது. பண்ணையிலிருந்து தப்பிவந்த சேதாவைத் தேடி அதன் மேலாளரான 'ஸ்கூல்டீச்சர்' வந்தபோது, அவள் குழந்தைகளைக் கொட்டகைக்குள் இழுத்துச்சென்று மூத்த மகளின் கழுத்தை அறுத்தாள். இதை அறிந்த பால் டி வீட்டைவிட்டு வெளியேறுகிறான். பிலவட் தன் இறந்த மகளே என்று உணரும் சேதா, வேலையையும் உணவையும் மறந்து அவளுக்கே தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். தாய் தேயத்தேய மகள் பெருக்கிறாள். வீட்டைவிட்டு வெளியே போகவே அஞ்சிய டென்வர் ஒருநாள் படியிறங்கி ஊராரிடம் உதவி கேட்கிறாள். ஊர்ப்பெண்கள் கூடி வீட்டின் முன் பாடுகிறார்கள். பிலவட் மறைகிறாள்.

பேயின் உடல்

வழக்கமான பேய்ப்படத்தில் பேய் வெளியிலிருந்து வரும் ஆபத்து. அதை விரட்டினால் கதை முடியும். இப்படத்தில் தொடக்கத்திலேயே பேய் விரட்டப்படுகிறது. அதன் பிறகுதான் உண்மையான துன்பம் ஆரம்பமாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆவியை வீட்டிலிருந்து துரத்தலாம். பசித்த உடலோடு வந்து உணவுமேசையில் அமரும் கடந்தகாலத்தை எப்படித் துரத்துவது?

பிலவடாக நடித்த தாண்டி நியூட்டன் அப்பாத்திரத்தை அழகிய மர்மப் பெண்ணாகக் காட்டவில்லை. எச்சில் வடிகிறது, தலை நிற்காமல் சாய்கிறது, குரல் கரகரத்து வெளிப்படுகிறது. வெளிவந்த காலத்தில் சிலர் இதை மிகைநடிப்பு என்று குறைகூறினர். ஆனால் நடிகை எடுத்த முடிவுக்குத் தெளிவான அடிப்படை இருக்கிறது. இறக்கும்போது அந்தக் குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருக்குமோ அந்த உடல் கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் கற்றிருக்க வேண்டிய எதுவும் கிடைக்கவில்லை. பார்ப்பவருக்கு ஏற்படும் அருவருப்பு, பறிக்கப்பட்ட ஒரு வாழ்வைக் கண்ணெதிரே பார்ப்பதால் வருவது.

டாக் ஃபுஜிமோட்டோவின் ஒளிப்பதிவும் இதற்குத் துணைநிற்கிறது. கடந்தகாலக் காட்சிகள் துகள்துகளாக, நிறம் மாறி, சில கணங்கள் மட்டும் வெட்டிச்செல்கின்றன. பாத்திரங்கள் விரும்பி நினைவுகூர்வதில்லை. நினைவு அவர்கள்மேல் வந்து மோதுகிறது.

தீர்ப்பு வழங்குபவர் யார்

சேதா செய்தது சரியா என்ற கேள்வியுடன்தான் எந்தப் பார்வையாளரும் இப்படத்தை எதிர்கொள்வார். படம் அதற்கு விடை சொல்ல மறுக்கிறது. இந்த மறுப்பில்தான் அதன் வலிமை இருக்கிறது.

கார்னர் வழக்கில் அவரைத் தண்டிக்கும் தகுதி அன்றைய சட்டத்துக்கு இல்லை. அவரை மனிதராகவே ஏற்காத சட்டம் அவர் குற்றத்தை எப்படி அளக்கும்? படத்தில் பால் டி தீர்ப்பளிக்க முயல்கிறான். சேதா நடந்துகொண்டது மனிதச் செயலல்ல, விலங்கின் செயல் என்னும் பொருள்பட அவன் பேசுகிறான். அடிமைகளை விலங்குகளாகக் கணக்கெழுதிய ஸ்கூல்டீச்சரின் அளவுகோலை அவன் அறியாமலே கையில் எடுத்துவிடுகிறான். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவனால் அந்த வீட்டில் இருக்க முடிவதில்லை. சேதாவைக் கேள்விகேட்கும் உரிமையுள்ளவள் ஒருத்திதான், கொல்லப்பட்ட குழந்தை. அவளையே உடலோடு திரும்ப வரவழைக்கிறது கதை.

ஆனால் படம் அங்கேயும் நிற்பதில்லை. உரிமையுள்ள அந்த நீதிபதியின் தண்டனைக்கு முடிவே இல்லை. சேதா எவ்வளவு விளக்கினாலும் பிலவடுக்குப் போதவில்லை. எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்கவில்லை. இறந்தவருக்குப் பட்ட கடனை உயிரோடிருப்பவர் தன்னை அழித்துத் தீர்க்க முடியாது என்பதை இப்பகுதி உரைக்கிறது. உயிரோடிருக்கும் இன்னொரு மகள் அதே வீட்டில் பட்டினி கிடக்கிறாள் என்பதைச் சேதா மறந்துவிடுகிறாள். கதையைத் திருப்புவது அந்த மகள்தான்.

உச்சக்காட்சியில் டென்வரை வேலைக்கு அழைத்துச்செல்ல ஒரு வெள்ளைக்காரர் வண்டியில் வருகிறார். அவர் அக்குடும்பத்துக்கு உதவியவர். சேதாவின் கலங்கிய மனத்துக்கு அவர் மீண்டும் தன் பிள்ளையைப் பறிக்க வருபவராகத் தெரிகிறார். பழைய நாள் திரும்ப நிகழ்கிறது, ஒரு மாற்றத்தோடு. அன்று கத்தி பிள்ளையின் கழுத்துக்குப் போனது. இன்று அவள் பனிக்கட்டி உடைக்கும் ஊசியுடன் வருபவரை நோக்கி ஓடுகிறாள். அன்று அவளைத் தடுக்க எவரும் இல்லை. இன்று மகளும் ஊர்ப்பெண்களும் தடுக்கிறார்கள். அவளுக்குக் கிடைத்த விடுதலை என்று ஒன்று இருக்குமானால் அது இந்தச் சிறு வேறுபாடுதான்.

நடிப்பு

தொலைக்காட்சியில் நாள்தோறும் பார்த்த முகம் என்பதால் ஓப்ரா வின்ஃப்ரேயைச் சேதாவாக ஏற்பது அன்றைய அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. அவர் அழுகையை அடக்கி, உறைந்த உறுதியோடு நடித்திருக்கிறார். கடந்தகாலக் காட்சிகளில் இளம் சேதாவாக லிசா கே ஹாமில்டன் வருகிறார். பண்ணையில் அவளைப் பிடித்துவைத்து தாய்ப்பாலைப் பறிக்கும் காட்சி படத்தின் மிகக் கொடிய பகுதி.

சேதாவின் மாமியார் பேபி சக்ஸாக வரும் பியா ரிச்சர்ட்ஸ் சில காட்சிகளிலேயே படத்தை நிறைத்துவிடுகிறார். காட்டின் நடுவே ஒரு வெட்டவெளியில் மக்களைக் கூட்டி, பிறரால் வெறுக்கப்பட்ட தங்கள் உடலின் ஒவ்வோர் உறுப்பையும் தாங்களே நேசிக்கச் சொல்லும் அவருடைய பேச்சு, படம் முன்வைக்கும் ஒரே மருந்து. ஆயினும் படத்தின் உண்மையான நாயகி கிம்பர்லி எலீஸின் டென்வர். முணுமுணுக்கும் பயந்த சிறுமியாகத் தொடங்கி, குடும்பத்தின் சுமையைத் தூக்கும் பெண்ணாக அவர் வளர்வது மிக இயல்பாக அமைந்துள்ளது.

குறைகள்

படத்தின் குறைகளும் பெரியவை. நாவலில் சேதா, டென்வர், பிலவட் மூவரும் தனித்தனியே பேசி, பின் குரல்கள் ஒன்றாய்க் கலக்கும் அத்தியாயங்கள் உள்ளன. அங்கே பிலவட் ஒரு குடும்பத்தின் குழந்தையாக மட்டும் இல்லாமல், அடிமைக் கப்பல்களில் கடலில் மாண்ட பெயரற்ற மக்கள் அனைவரின் குரலாகவும் ஆகிறாள். படத்தில் அந்த விரிவு பெரிதும் இல்லை. அவள் ஒரு வீட்டின் பேயாகச் சுருங்குகிறாள். பண்ணைக்குப் பிறகு பால் டி பட்ட துன்பங்களும் நாவலில் பெற்ற இடத்தைப் படத்தில் பெறவில்லை. இதனால் அவன் மனம் கெட்டிப்போனதற்கான காரணம் மங்குகிறது.

நாவலை வாசிக்காதவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் தடுமாறக்கூடும். நாவலின் நிகழ்ச்சி வரிசையைப் பணிவோடு பின்பற்றியதால் சில இடங்களில் படம் திரைக்கான வேகத்தை இழக்கிறது. ரேச்சல் போர்ட்மனின் இசை சில காட்சிகளுக்குத் தேவைக்கு மேல் துணைநிற்கிறது. அமைதியே போதுமான இடங்கள் அவை.

வரவேற்பு

1998 அக்டோபரில் வெளியான படம் வணிகரீதியில் தோல்வியடைந்தது. அமெரிக்காவில் சுமார் 2.3 கோடி டாலர் மட்டுமே வசூலித்தது. இது தயாரிப்புச் செலவில் பாதிக்கும் குறைவு. அதே வாரம் வெளிவந்த 'பிரைட் ஆஃப் சக்கி' என்ற பொம்மைப் பேய்ப்படம் இதைவிட அதிகம் வசூலித்தது. உடையலங்காரத்துக்காகக் கொலீன் ஆட்வுட் ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். வேறு பிரிவுகளில் பரிந்துரை கிடைக்கவில்லை.

மதிப்பீடு

1997-ல் வந்த 'அமிஸ்டாட்' நீதிமன்றத்தில் வெற்றி பெறுகிறது. 2013-ல் வந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பெற்ற '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' நாயகன் வீடு திரும்புவதில் முடிகிறது. இரண்டிலும் பார்வையாளருக்கு மூச்சுவிட ஓரிடம் கிடைக்கிறது. பிலவடில் அந்த வீடுதான் காயம்.

முழுமையான படம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அடிமைமுறையை முடிந்துபோன கொடுமையாகக் காட்டி, பார்ப்பவரை இரங்கவைத்து அனுப்பும் வசதியை இது தரவில்லை. 1865-ல் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. எட்டு ஆண்டுகள் கழித்தும் சேதாவின் முதுகில் சாட்டைத் தழும்பு மரம்போல் கிளைவிரித்திருக்கிறது. அவளால் அதைப் பார்க்க முடியாது. பிறர் சொல்லித்தான் தெரியும். அதில் உணர்ச்சியும் செத்துப்போயிருக்கிறது. வரலாற்றுக் காயம் என்பதற்கு இதைவிடச் சரியான படிமம் கிடைப்பது கடினம். நாவலை வாசித்துவிட்டு இப்படத்தைப் பார்ப்பவர்கள் அதன் இழப்புகளை அறிவார்கள். படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குச் செல்பவர்களுக்கு டென்வர் படியிறங்கும் காட்சி நெடுநாள் நினைவில் இருக்கும்.