திறந்த கோப்புகளும் எரிந்த சுருள்களும்

எஸ்றா 6-ஆம் அதிகாரத்தில் தரியு அரசன் பழைய ஏடுகளைத் தேடக் கட்டளையிடுகிறான். அக்மேதாவில் கோரேசின் ஆணை அகப்படுகிறது. ஆலயப்பணிக்கு நேரிட்ட தடை நீங்குகிறது. எரேமியா 36-ஆம் அதிகாரத்திலோ, யோயாக்கீம் அரசன் தன்முன் வாசிக்கப்பட்ட சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பிலே போடுகிறான். ஆவணத்தின்பால் ஆட்சியாளர் கொள்ளும் இருவகை மனநிலையை இங்கே காண்கிறோம்.

பிரித்தானிய அரசு ஹான்ஸ்லோப் பார்க்கில் மறைத்து வைத்திருந்த குடியேற்ற நாட்டுக் கோப்புகள், 2012 ஏப்ரல் முதல் 2013 நவம்பர் வரை, கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பகுதி பகுதியாகத் திறந்து வைக்கப்பட்டன. அவற்றுள் இலங்கைக் கோப்புகளும் உண்டு. இதனைப் பெருந்தன்மை எனச் சிலர் பாராட்டினர். நாம் அங்ஙனம் கருதவில்லை. கென்யாவில் வதைக்கப்பட்ட முதியோர் இலண்டனில் வழக்காடியதனாலேயே இக்கோப்புகள் 2011-இல் வெளிப்பட்டன. கேளாமல் கொடுத்த கொடையன்று அது. கேட்டுப் பெற்ற நீதி.

மேலும், திறந்தவை எஞ்சியவையே. ஆட்சிக்கு இழுக்குண்டாக்கும் தாள்களைப் புதிய அரசுகளிடம் ஒப்படைக்கலாகாது என்று 1961-இல் குடியேற்ற நாட்டமைச்சர் அறிவுறுத்தினார், பல எரிக்கப்பட்டன. 1978 முதல் 1980 வரையிலான இலங்கை பற்றிய ஏறத்தாழ 200 கோப்புகளை பிரித்தானிய வெளியுறவுத் துறை அழித்துவிட்டதென 2018-இல் செய்தி வந்தது. ஆகவே வேதபாடத்தின் மூலங்களை ஆராயக் கற்ற நம் மாணவர், இக்கோப்புகளையும் அவ்வாறே வாசித்தல் வேண்டும்: எழுதியவர் யார், யாருக்கு அஞ்சி எழுதினார், எது விடப்பட்டது என்று வினவ வேண்டும். ஒற்றன் எழுதியதனால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கீழ் கோத்தகிரிச் சரிவுகளில் நம் அயலாராய் வாழ்கின்றன. 5,25,000 பேர் இந்தியாவுக்கென்று இரு அரசுகளும் எண்ணிப் பிரித்தபோது, அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுள் ஒரு முதியவர் தகரப்பெட்டியினின்று பழைய குடும்ப அட்டையை எடுத்து நமக்குக் காட்டினார். அதன் ஓர் ஓரம் கிழிந்திருந்ததால், ஓர் அலுவலகம் அவரைப் பன்முறை அலைக்கழித்ததாம். எளியவன் அரை நூற்றாண்டாய் ஒரு தாளைக் காக்கவேண்டும். வலியவனோ தன் தாளை எரிக்கலாம்! இந்த இரட்டை அளவுகோலையே நாம் கண்டிக்கிறோம்.

அப்படியாயின் ஆயர் காக்கும் இரகசியமும் குற்றமோ என்று கேட்கலாம். அன்று. பாவ அறிக்கையின் இரகசியம் எளியவனைக் காக்கிறது. அரசின் மறைப்போ பெரும்பாலும் ஆள்வோனைக் காக்கிறது. யாரைக் காக்கிறது என்பதே உரைகல். அந்த உரைகல்லில் நம் சபைக் கூட்டக் குறிப்பேடுகளையும் உரைத்துப் பார்ப்போமாக. பூட்டிய அலமாரிகள் நம்மிடமும் உண்டல்லவா?

யோயாக்கீம் எரித்ததோடு அக்கதை முடியவில்லை. பாருக்கு மீண்டும் எழுதினான். முன்னிலும் அதிகமாக எழுதினான். கியூவில் இல்லாதவை தகரப்பெட்டிகளிலும் முதியோர் நினைவிலும் இருக்கின்றன. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் அவற்றைக் கேட்டு எழுதுவாராக. அம்முதியோர் இன்னும் பல்லாண்டு நம்மோடிரார்.